மணக்காத பிரியாணி

அத்தியாயம் 6

பல்கலைக்கழகத்துக்குப் போகிற சாலையில் பாதிதான் சாலையாக இருந்தது. மறு பாதியில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. தை மாதத்தில் யாரும் கூப்பிடாமல் வந்து கொட்டிய மழை, அறுப்புக்கு நின்ற சம்பாவைப் படுக்க வைத்துவிட்டுப் போயிருந்தது. ஈரம் என்று சொல்லிக் கொள்முதல் நிலையத்தில் திருப்பி அனுப்பிய நெல்லை வேறு எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? திருக்காட்டுப்பள்ளி வட்டாரத்துச் சனம் தார்ச்சாலையையே களமாக்கிக் காலால் துழாவிக்கொண்டிருந்தது. பாதி நெல் முளைத்துவிட்டது என்று அவர்களுக்கும் தெரியும். இருந்தாலும் துழாவினார்கள்.

ஜெக்கரியா நெல்லில் சக்கரம் படாமல் காரை ஓரமாக ஊர்ந்து ஓட்டினான்.

"ஜன்னலை நல்லா இறக்கி விடுங்க பாய். கொரோனாவுக்கு முன்னாடி உங்க கருவாடு என்னைக் கொன்னுடும்," என்றாள் ஜெயபாரதி.

"அதிராம்பட்டினத்து நெத்திலி மேடம் அது. எங்க அம்மா உங்களுக்குன்னே தனியாக் காய வெச்சுக் கொடுத்து விட்டது. மாஸ்க்கைத் தாண்டியும் வாசம் வருதுன்னா கருவாடு ஒரிஜினல், மாஸ்க்தான் டூப்ளிகேட்."

ஜெயபாரதி தஞ்சாவூர் கீழவாசலில் ஒரு மருந்துக் கடை மாடியில் துப்பறியும் நிலையம் நடத்துகிறவள். போலீஸ் வேலை பிடிக்காமல் விட்டுவிட்டு, அதே வேலையைச் சீருடை இல்லாமல் செய்கிறவள். ஜெக்கரியா அவளுடைய உதவியாளன். ஷார்ஜாவில் ஒரு பெரிய கடையில் கேமரா முன்னால் உட்கார்ந்து திருடர்களைப் பிடித்துக்கொண்டிருந்தான். கொரோனா வந்து கடையை மூடியதும், பெட்டியும் வாயுமாக ஊர் வந்து சேர்ந்தான். பெட்டி அப்போதே காலி. வாய் மட்டும் குறையவில்லை.

பொன்னிவளம் பல்கலைக்கழக வாசலில் காவலாளி காய்ச்சல் பார்க்கும் துப்பாக்கியை நெற்றிக்கு நேராக நீட்டினார்.

"சுட்டுடாதீங்க அண்ணே, சரணடையறேன்," என்று கையைத் தூக்கினான் ஜெக்கரியா. காவலாளி சிரிக்கவில்லை. அவர் வேலைக்கு வந்து சில நாள்தான் ஆகியிருந்தது. அவருக்கு முன்னால் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் செத்துப்போயிருந்தார். அதை விசாரிக்கத்தான் இவர்களைக் கூப்பிட்டிருந்தார்கள்.

பதிவாளர் ரெங்கசாமியின் அறை ஆஸ்பத்திரி மாதிரிப் பளிச்சென்று இருந்தது. மேசைக்குக் குறுக்கே கண்ணாடித் தடுப்பு, மூலைக்கு மூலை சானிடைசர். நெற்றி நிறைய விபூதி, மூக்கு வரை முகக்கவசம், நடுவில் தூக்கம் கெட்ட இரண்டு கண்கள். அசைவம் என்ற பேச்சே இந்த வளாகத்தில் கிடையாது, கேன்டீனில் முட்டைக்குக்கூட அனுமதி இல்லை என்று அட்டெண்டர் வரும் வழியிலேயே பெருமையாகச் சொல்லியிருந்தார்.

காபி வந்தது. முகக்கவசத்தை இறக்கி ஒரு வாய் குடித்த ஜெக்கரியாவின் முகம் கோணிக்கொண்டு போனது.

"மேடம், பால் திரிஞ்சு போச்சு," என்று முணுமுணுத்தான். "இதைத் தயிர்க் கணக்குல சேர்த்துக்கலாம்."

ஜெயபாரதி ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தாள். ரெங்கசாமி தன்னுடையதை அடி நுரை வரை குடித்து முடித்து முகக்கவசத்தை ஏற்றிக்கொண்டார்.

"குடிங்க மேடம். டிகிரி காபி. இந்தப் பக்கத்துல இப்படி எங்கேயும் கிடைக்காது."

"எங்கேயுமே கிடைக்காது சார்," என்றான் ஜெக்கரியா பணிவாக.

ரெங்கசாமி விஷயத்துக்கு வந்தார்.

"திங்கட்கிழமை திறக்கிறோம். கடைசி வருஷப் பிள்ளைங்க எல்லாம் வருது. நம்பி அனுப்பலாமான்னு பெத்தவங்க தினம் போன் பண்றாங்க. அதுக்காகத்தான் முன்னாடியே ஒத்திகை ஒண்ணு வெச்சோம். ஆராய்ச்சி மாணவர்களை மட்டும் வரவழைச்சு, டெஸ்ட் எடுத்து, உள்ளேயே தங்க வெச்சோம். சமையல் ஆளுங்க, வாட்ச்மேன் எல்லாரும் உள்ளேயேதான். ஆபீஸுக்கு வந்து போறவங்களுக்கு வாசல்லயே காய்ச்சல் பார்த்துடுவோம். எனக்கும் சேர்த்துத்தான். விதிவிலக்கே கிடையாது."

"அப்படியும் வந்துடுச்சு," என்றாள் ஜெயபாரதி.

"வரல மேடம். கொண்டு வந்தான்." அவர் குரல் உயர்ந்தது. "ஆஸிம்னு ஒரு ஆராய்ச்சி மாணவன். கூத்தாநல்லூர். ரெண்டு வாரத்துக்கு முன்னாடி ஞாயித்துக்கிழமை யாருக்கும் தெரியாம வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிட்டு ராத்திரி திரும்பிட்டான். புதன்கிழமையிலேர்ந்து வரிசையாக் காய்ச்சல். மத்தவங்க பொழைச்சுக்கிட்டாங்க. வீரையன் போயிட்டான்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"வீரையன் எங்க ஊரு மேடம். ஒண்ணா ஆத்துல குதிச்சவங்க நாங்க. நான்தான் இங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டேன். கடைசியில முகத்தைக்கூடப் பார்க்க விடல. பிளாஸ்டிக்ல சுத்தி எடுத்துட்டுப் போயிட்டாங்க."

ஜெயபாரதி எத்தனையோ நடிப்புக் கண்ணீரைப் பார்த்தவள். இது அதில்லை என்று அவளுக்குப் பட்டது.

"குற்றவாளியைக் கையில வெச்சுக்கிட்டு எங்களை எதுக்கு சார் கூப்பிட்டீங்க?" என்று கேட்டான் ஜெக்கரியா. "ஊரையும் பேரையும் கேட்டதுமே பாதி விசாரணை முடிஞ்சிருக்குமே?"

ரெங்கசாமிக்குச் சுருக்கென்றது. "அப்படி ஒரு பேச்சு வரக் கூடாதுன்னுதான் பாய் உங்களைக் கூப்பிட்டேன். அவன் போனேங்கிறான், கொண்டு வரலைங்கிறான். வெளியாள் ஒருத்தர் விசாரிச்சுச் சொல்லட்டும். நாலு மணிக்கு ஒழுங்கு நடவடிக்கைக் குழு கூடுது. அவன்தான்னா படிப்பும் போகும், போலீஸ் கேஸும் உண்டு."

சி பிளாக் வரை பேராசிரியர் குந்தவை கூட்டிக்கொண்டு போனாள். திறப்புத் திட்டம் முழுக்க அவள் எழுதியது. ஒரு வருஷமாகத் தூங்காத முகம். நடைபாதை நெடுக மஞ்சள் வட்டங்கள், போக ஓர் அம்பு, வர ஓர் அம்பு. வகுப்பறை ஜன்னல்களுக்குக் கதவே இல்லை, கழற்றிவிட்டிருந்தார்கள்.

"காத்து ஓடணும், அவ்வளவுதான் என் திட்டம்," என்றாள் அவள். "கதவைக் கழட்டச் சொன்னதுக்குப் பைத்தியம்னாங்க. பூட்டு இருந்தா யாராவது பூட்டுவாங்க மேடம். அதனால கதவையே எடுத்துட்டேன். மனுஷங்களை எதைக் கழட்டித் திருத்தறதுன்னுதான் தெரியல."

காய்ச்சல் வந்தவர்களைத் தனியாக வைப்பதற்காக ஒதுக்கிய கட்டடம் சி பிளாக். இப்போது அதில் ஆஸிம் ஒருவன்தான் இருந்தான். காய்ச்சல் விட்டு நாளாகிறது. விசாரணை முடியாமல் வெளியே விடவில்லை. கீழ்த்தள அறையில் வெயிலுக்காகக் கட்டியிருந்த அரக்கு நிறச் சால்வையை விலக்கிக்கொண்டு ஜன்னலுக்கு வந்தான். தாடி வளர்ந்து, சட்டை தொளதொளத்துப்போயிருந்தது.

"போனேன் மேடம். அதை நான் மறைக்கவே இல்ல," என்றான். "எங்க தங்கச்சி நுஸைபாவுக்கு நிக்காஹ். அத்தா மவுத்தாப் போயிட்டாரு. அவளுக்கு அத்தா இடத்துல, வலியா நின்னு பெண்ணைக் கொடுக்கிறதுக்கு நான் ஒருத்தன்தான் இருக்கேன். அனுமதி கேட்டேன், கொடுக்கல. சுவருக்கு அடியில வாய்க்கால் போற வழியில குனிஞ்சு போனேன். அன்னைக்கே திரும்பிட்டேன்."

"போன இடத்துல சாப்பிட்டியாப்பா?"

ஜெக்கரியா அவளைத் திரும்பிப் பார்த்தான். கேள்வியே இல்லாத கேள்வியாக இருந்தது. ஆஸிமும் ஒரு கணம் விழித்தான்.

"சாப்பிட்டேன்னு பேரு. சீரகச் சம்பா பிரியாணி. தம் உடைக்கும்போது தெருவே மணக்கும். எனக்கு ஒண்ணும் மணக்கல. வைக்கோலை மெல்ற மாதிரி இருந்துச்சு. வாசல்லயே அத்தர் தடவி விட்டாங்க, அதுவும் தெரியல. தங்கச்சியைப் பிரியற துக்கத்துல அண்ணனுக்கு மூக்கு அடைச்சிடுச்சுன்னு நுஸைபாகூடச் சிரிச்சா."

"வாசல்லயேவா? வீட்டுக்குள்ள போறதுக்கு முன்னாடியேவா?"

"ஆமா. ஏன் மேடம்?"

"அப்புறம்?"

"நான் சாப்பிடலைன்னு அம்மாதான் பக்கத்துல உட்கார்ந்து, ஒரே சஹன் தட்டுல இருந்து எனக்கு ஊட்டிவிட்டாங்க." அவன் குரல் தணிந்தது. "அம்மா இப்ப திருவாரூர் ஆஸ்பத்திரியில இருக்காங்க. ஆக்சிஜன் வெச்சிருக்கு. கல்யாணக் கூட்டத்துல யார்கிட்டேர்ந்து ஒட்டிக்கிச்சோ. எங்க ரெண்டு பேருக்கும் அங்கேதான் வந்திருக்கும்னு நினைக்கிறேன். ஆனா அதை நான் இங்கே பரப்பல மேடம். வந்ததும் ரூமுக்குள்ள போயிட்டேன். யாரையுமே பார்க்கல."

ஜெயபாரதி அதற்கு மேல் கேட்கவில்லை. ஜன்னலில் தொங்கிய சால்வையைக் காட்டி, "இது ஏது?" என்றாள்.

"திட்டத்துக்கு ஒரு விழா வெச்சாங்கல்ல, அப்ப மாணவர்கள் சார்பா எனக்குப் போட்டது."

வெளியே வந்ததும் ஜெக்கரியா ஒரு குதி குதித்தான். "மேடம், பையன் தப்பிச்சான்! வீட்டு வாசலை மிதிக்கும்போதே மூக்கு செத்துப்போச்சு. அப்ப அதுக்கு முன்னாடியே, இங்கேயே அவனுக்கு வந்திருக்கு. உள்ளே கொண்டு வந்தது அவன் இல்ல!"

"இல்லதான்," என்றாள் ஜெயபாரதி. அவள் முகத்தில் சந்தோஷம் இல்லை. ஜெக்கரியா அதைக் கவனிக்கவில்லை.

வீரையனின் வீடு வாசல் பக்கத்துக் குடியிருப்பில் இருந்தது. அவர் மனைவி அமிர்தம் நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டு எட்டி நின்றாள். சுவரில் வீரையனின் படம். படத்துக்கு மாலை இல்லை. அதைச் சுற்றி ஒரு சால்வை போர்த்தியிருந்தது. அதே அரக்கு, அதே ஜரிகைக் கரை.

"இது விழாவுல கொடுத்ததாம்மா?"

"ஆமாம்மா. பதிவாளர் ஐயா தன் கையால போட்டாங்க. முன்களப் பணியாளர்னு மேடையில ஏத்தி, முதல் சால்வை இவருக்குத்தான். போட்டுட்டுக் கட்டிக்கவும் செஞ்சாங்களாம். சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டாரு. இத்தனை வருஷம் கேட்டைத் திறந்து மூடினதுக்கு அன்னைக்குத்தான் கூலி கிடைச்சுதுன்னாரு."

"வாசல்ல எல்லாருக்கும் காய்ச்சல் பார்ப்பாராமே? பதிவாளர் வண்டியையும் நிறுத்திப் பார்ப்பாரா?"

அமிர்தத்துக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்தது. "ஐயா வண்டியையா? அவங்க பார்க்கத்தான் சொல்லுவாங்க. இவரு மாட்டாரு. சலாம் வைக்கிற கையில மிஷினை எப்படிப் பிடிக்கிறதும்பாரு. பொங்கலுக்கு மெட்ராஸ்ல மகளுக்குத் தலைப்பொங்கல் சீர் கொண்டு போயிட்டு வந்தாங்க, அப்பக்கூட நேரா உள்ளே விட்டுட்டாரு. எங்களுக்கும் ஒரு கட்டுக் கரும்பு இறக்கிக் கொடுத்தாங்க."

கிளம்பும்போது அவள் ஜெயபாரதியின் பின்னாலேயே வாசல் வரை வந்தாள். "யாராலன்னு தெரிஞ்சா எனக்கும் சொல்லுங்கம்மா. சண்டைக்குப் போகமாட்டேன். தெரிஞ்சுக்கணும்னு இருக்கு."

புங்கை மரத்தடியில் குந்தவை காத்துக்கொண்டிருந்தாள்.

"அந்த விழாவைப் பத்திச் சொல்லுங்க," என்றாள் ஜெயபாரதி.

குந்தவை தலையைக் குனிந்துகொண்டாள். "பாதுகாப்பாத் திறக்கிற திட்டத்தோட வெளியீட்டு விழா. ஆஸிம் கல்யாணத்துக்குப் போறதுக்கு நாலு நாளைக்கு முன்னாடி. வேணாம்னேன். கேட்கல. சரி, இந்த மரத்தடியிலன்னு நாற்காலியைத் தள்ளித் தள்ளிப் போட்டேன். மழை பிடிச்சுக்கிச்சு. அவ்வளவு பேரையும் ஏசி அரங்கத்துக்குள்ள ஏத்திக் கதவைச் சாத்திட்டாங்க."

"பாதுகாப்புக்கே விழா எடுத்த ஊரு நம்ம ஊருதான் மேடம்," என்றான் ஜெக்கரியா. "மழைக்குப் பயந்து கொரோனாவுக்குள்ள ஓடியிருக்கோம்."

"சால்வை யாருக்கெல்லாம் போட்டாங்க?"

"வீரையன், சமையல் செல்லதுரை, நூலகத்து அம்மா, ஆஸிம், அப்புறம் நான். பதிவாளர்தான் போட்டாரு. போட்டோக்காரர் மாஸ்க்கை இறக்கிட்டுச் சிரிக்கச் சொன்னாரு. எல்லாரும் இறக்கினாங்க. நான் மட்டும் இறக்கல. திமிர் பிடிச்சவன்னு பேசிக்கிட்டாங்க."

"காய்ச்சல் யாருக்கெல்லாம் வந்துச்சு?"

குந்தவை வாயைத் திறந்தாள். வீரையன் என்று ஆரம்பித்துச் செல்லதுரையில் நின்றுவிட்டாள். மரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னைத் தவிர அத்தனை பேருக்கும்," என்றாள் மெல்ல. "இது எனக்குத் தோணலையா, தோணக் கூடாதுன்னு இருந்தேனான்னு தெரியல மேடம். மேடையில நானும்தானே நின்னேன்? இப்ப நான் போய்ச் சொன்னா, தன் திட்டத்தைக் காப்பாத்திக்கப் பதிவாளர் மேல பழியைத் தூக்கிப் போடறான்னுதான் சொல்லுவாங்க."

"நீங்க சொல்ல வேணாம்," என்றாள் ஜெயபாரதி. "பாய், கார்ல இருக்கிற கருவாட்டை எடுத்துட்டு வாங்க."

"சாப்பாட்டு நேரம் வந்தாச்சுன்னு நினைச்சேன், ஆனா பச்சையாவா மேடம்?"

அவர்கள் மறுபடி போனபோது ரெங்கசாமி கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். ஜெக்கரியா உட்காருகிற சாக்கில் பொட்டலத்தின் சணலை அவிழ்த்து மேசைக்கு அடியில் தள்ளினான். ஜெயபாரதி திங்கட்கிழமை ஏற்பாடுகளைப் பற்றி விசாரித்துக்கொண்டே இருந்தாள். நெத்திலி தன் வேலையைச் செய்தது. முகக்கவசத்துக்குள்ளேயே ஜெயபாரதிக்குக் குமட்டியது. ரெங்கசாமி வரவேற்பு வளைவைப் பற்றி நிதானமாகச் சொல்லிக்கொண்டு போனார்.

கோப்போடு உள்ளே வந்த அட்டெண்டர் வாசலிலேயே மூக்கைப் பிடித்துக்கொண்டார்.

"என்னய்யா?" என்றார் ரெங்கசாமி.

"ஐயா... கருவாட்டு நாத்தம். ரூம் பூரா அடிக்குது."

"இங்கேயா? என் ரூம்லயா?"

ஜெக்கரியா பொட்டலத்தை எடுத்து மேசை மேல் வைத்தான். அட்டெண்டர் ஒரே எட்டில் வெளியே போய்விட்டார். ரெங்கசாமி பொட்டலத்தைப் பார்த்தார், அவர்களைப் பார்த்தார். மெதுவாக முகக்கவசத்தைக் கழற்றினார். பிறந்ததிலிருந்து கருவாட்டுக் கடை இருக்கிற தெருப்பக்கம் போகாத மனிதர் அதன்மேல் குனிந்து மூச்சை இழுத்தார். இன்னும் குனிந்து இழுத்தார். மூக்கு நெத்திலியில் இடித்தது.

"ஒண்ணும் தெரியலையே," என்றார்.

"காலையில நீங்க குடிச்ச காபியில பால் திரிஞ்சிருந்தது சார். எப்பலேர்ந்து இப்படி?"

"மெட்ராஸ் போயிட்டு வந்த மறுநாள்லேர்ந்து. தை மாசப் பனி, ஜலதோஷம்னு நினைச்சேன். சுக்குக் கஷாயம்கூடக் குடிச்சேன்."

"விழா?"

"அதுக்கு அடுத்த நாள்."

  ரெங்கசாமி தன் இரண்டு உள்ளங்கைகளையும் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

"கட்டிப்பிடிச்சேன் மேடம் அவனை. மேடையில கூச்சப்பட்டு நின்னான். அட வாடான்னு இழுத்துக் கட்டிப்பிடிச்சேன்."

அப்போது அவரைப் பார்க்க ஜெயபாரதிக்குப் பரிதாபமாகத்தான் இருந்தது. வீரையனைக் கொன்றவனைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று உண்மையாகவே ஆசைப்பட்டுக் கூப்பிட்ட மனிதர். கண்டுபிடித்துக் கொடுத்தாயிற்று.

ஆனால் அவருக்குள் இருந்த நண்பன் அழுது முடித்தபின் அதே நாற்காலியில் பதிவாளர் வந்து உட்கார்ந்தார். முகக்கவசத்தை மாட்டிக்கொண்டார். ஆஸிமுக்கு வீட்டு வாசலிலேயே அத்தர் மணக்காததை ஜெயபாரதி சொன்னதும் குரலைச் செருமிக்கொண்டார்.

"கருவாட்டை வெச்சு எதை நிரூபிப்பீங்க மேடம்? நானும் வெளியே போயிட்டு வந்தேன், அவனும் போயிட்டு வந்தான். அவன் வீட்டுக்குப் போறப்பவே மூக்கு அடைச்சிருந்ததுன்னு நீங்க சொல்றீங்க. அதை அவன் குழு முன்னாடி அவன் வாயால சொல்லட்டும். சொன்னா, வீரையன் மேல சத்தியமா நானே எழுந்து நின்னு ஒத்துக்கறேன்."

"சொல்லலைன்னா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "திங்கட்கிழமை திறக்கணும் மேடம்."

சி பிளாக்குக்கு நடக்கும்போது ஜெக்கரியாவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

"ஒரே ஒரு வரி மேடம்! பிரியாணி மணக்கலைன்னு ஒரு வரி. அதுல படிப்பு மிச்சம், கேஸ் இல்ல. கேஸ் வரலாத்துலயே நெத்திலி சாட்சி சொன்னது இதுதான் முதல் தடவை. எங்க அம்மாவுக்குப் போன் போட்டுச் சொல்லணும்."

ஜெயபாரதி நடையைக் குறைத்தாள். அந்த ஒரு வரியை அவள் காலையிலிருந்தே மனசுக்குள் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கு இன்னொரு பக்கமும் இருந்தது.

ஜன்னலுக்கு வெளியே குந்தவை நின்று அழுதுகொண்டிருந்தாள். உள்ளே ஆஸிம் கட்டிலில் உட்கார்ந்து கையிலிருந்த போனைப் பார்த்தபடி இருந்தான்.

"அம்மா மவுத்தாயிட்டாங்க," என்றான். "இப்பத்தான் போன் வந்துச்சு. அடக்கம் பண்ண நேரா மையவாடிக்கே கொண்டு போறாங்களாம். வீட்டுக்குக் கொண்டு வரல."

"இன்னா லில்லாஹி," என்று இறந்தவர்களுக்கான வசனத்தை ஓதினான் ஜெக்கரியா.

நாலு மணி ஆகப்போகிறது. ஜெயபாரதிக்குத் தன் தொழில் மேலேயே வெறுப்பாக இருந்தது. ஆனாலும் சொன்னாள். சொல்லாவிட்டால் பையனின் எதிர்காலம் போய்விடும். பதிவாளரின் பயணம், சால்வை, விழா, எல்லாவற்றையும் சொன்னாள். "நீ கொண்டு வரலப்பா. உனக்கு இங்கேதான் வந்திருக்கு. நீ வீட்டு வாசலுக்குப் போனப்பவே வாசனை தெரியலைன்னு மட்டும் சொல்லு. போதும்."

ஆஸிம் ஆராய்ச்சி மாணவன். ஒன்றைக் கேட்டால் அதற்கு அடுத்தது என்ன என்று யோசித்துப் பழகியவன். அவன் யோசிப்பதை ஜெயபாரதியால் தடுக்க முடியவில்லை.

"அப்ப இங்கேயே எனக்கு வந்துடுச்சு," என்றான்.

"ஆமா."

"அதோடதான் நான் வீட்டுக்குப் போயிருக்கேன்."

ஜெயபாரதி பார்வையை ஜன்னல் சால்வைக்குத் திருப்பினாள்.

"அம்மா ஊட்டிவிட்டாங்களே மேடம். வேணாம் வேணாம்னேன். என் எச்சில் பட்ட கையாலயே அவங்களும் சாப்பிட்டாங்களே."

அவன் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. போன் ஒலித்தது. குழு கூடியிருந்தது. திரையில் சின்னச் சின்னச் சதுரங்களாக ஏழெட்டு முகக்கவசங்கள், நடுவில் விபூதி நெற்றி. குந்தவையும் அந்தக் குழுவில் ஓர் ஆள். தன் போனைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியிலேயே நின்றாள்.

"ஆஸிம்," என்றது ரெங்கசாமியின் குரல். "நீ சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தா சொல்லு."

அவன் எழுந்து நின்றான். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டான்.

"நான்தான் சார் கொண்டு வந்தேன். கல்யாணக் கூட்டத்துல எனக்கு வந்துச்சு. எங்க அம்மாவுக்கும் அங்கேதான் வந்துச்சு. நான் இங்கே வந்து மத்தவங்களுக்குக் கொடுத்துட்டேன். வாட்ச்மேன் அண்ணன் வீட்டுல மன்னிச்சுக்கச் சொல்லுங்க."

குந்தவை தன் போனை வாயருகே கொண்டு போனாள். ஆஸிம் ஜன்னலுக்கு உள்ளிருந்து அவளைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான். வேண்டாம் என்று தலையை ஆட்டினான். அவள் கை அப்படியே கீழே இறங்கியது.

திரையில் ரெங்கசாமி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"நல்லா யோசிச்சுத்தான் சொல்றியாப்பா?" என்று கேட்டார். 

"ஆமா சார்."

"சரி. பதிவு பண்ணிக்குங்க."

அவ்வளவுதான். போன் அணைந்தது. ஆஸிம் சால்வையை இழுத்து ஜன்னலை மூடிக்கொண்டான்.

வாசலில் கார் நிற்க வேண்டியிருந்தது. எதிரே ஒரு வேன் உள்ளே வந்துகொண்டிருந்தது. வரவேற்பு வளைவுக்கான மூங்கில், சீரியல் விளக்கு, அதன்மேல் துணிக்கடைப் பைகளில் புதுச் சால்வைக் கட்டு. திங்கட்கிழமைக்கு. பைகளுக்குள்ளிருந்து அரக்கும் ஜரிகையும் தெரிந்தன. ஓட்டுநரின் பக்கத்தில் பதிவாளர் அலுவலக ஆள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் காவலாளி துப்பாக்கியை இடுக்கிக்கொண்டு சலாம் வைத்தார்.

அமிர்தம் தன் வீட்டு வாசலில் நின்று காரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெயபாரதி அவளைப் பார்த்தாள். இறங்கவில்லை.

சாலையில் மேகம் கட்டியிருந்தது. சனங்கள் அவசர அவசரமாக நெல்லை அள்ளித் தார்ப்பாயைப் போட்டு மூடிக்கொண்டிருந்தார்கள். வெகுதூரம் வரை ஜெக்கரியா ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் இப்படிப் பேசாமல் இருந்து ஜெயபாரதி பார்த்ததே இல்லை.

"மேடம்," என்றான் கடைசியில்.

"சொல்லுங்க."

"கல்யாணக் கூட்டத்துலதான் வந்துச்சுன்னு ஆயிப்போச்சு. அம்மாவைக் கொன்ன பாவம் தன் மேல இல்லைன்னு அவன் நினைச்சுக்கலாம். சரி." அவன் கண்ணைச் சாலையிலிருந்து எடுக்கவில்லை. "அப்ப அந்தப் பொண்ணு நுஸைபா? அது அவளோட கல்யாணம்ல மேடம்? என் நிக்காஹாலதான் அம்மா போனாங்கன்னு காலம் பூரா நினைச்சுக்கிட்டே இருக்குமே. கையில மருதாணிகூட இன்னும் முழுசா அழிஞ்சிருக்காது. அவனுக்கு இது தோணலையா?"

அவனுக்குத் தோன்றவில்லை. ஜெயபாரதிக்கே இப்போதுதான் தோன்றியது.

"வண்டியைத் திருப்பவா?"

"திருப்பி, யார்கிட்ட என்ன சொல்றது பாய்?"

 முதல் தூறல் கண்ணாடியில் விழுந்தது. அவன் வைப்பரைப் போட்டுவிட்டு, நெல்லில் சக்கரம் படாமல், பாதிச் சாலையில் மெதுவாக ஓட்டிக்கொண்டு போனான்.